ஐந்தாவது சோடி

அன்றைக்குக் கடலுக்குப் போனவர்கள் அம்மா, அண்ணா, என் கணவர், நான். நாலு பேர். எங்களைக் கூட்டிக்கொண்டு போனவரோடு ஐந்து. அவர் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த இடத்திலேயே என்னை மறித்து, "நாலு எண்டு மட்டும் எழுதுங்கோ தங்கச்சி" என்று சொல்லியிருப்பார். ஆட்களை எண்ணும்போது அவர் தன்னைச் சேர்ப்பதில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை வரும். ஆள் எண்ணிக்கையில் வராது. அந்தப் பழக்கம் அவரிடமிருந்து எனக்குத் தொற்றியது என்று என் கணவர் இன்றைக்கும் பகிடி பண்ணுவார். அப்படியில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாவற்றுக்கும் ஏக்கம், பயம். அடுப்பை அணைத்தேனா, படலையைக் கட்டினேனா, சந்தைக்குப் போனவர் ஏன் இன்னும் வரவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். என்னைப் போல இன்னொரு ஆளும் உலகத்தில் உண்டு என்று அவரைக் கண்ட பிறகுதான் தெரிந்தது.

அப்போது சண்டைக்குப் பயந்து கிளிநொச்சிப் பக்கத்து வயலையும் வீட்டையும் விட்டு எழும்பி, நாயாற்றுக்கு மேற்கே காட்டோரத்தில் தறப்பாள் கொட்டில் போட்டு இருந்தோம். வரிசையாகப் பதினெட்டுக் கொட்டில்கள். கடல் அங்கிருந்து மூன்று கட்டை தூரம், இடையில் முழுக்கக் காடு. காற்று திரும்பினால் அலை இரைவது கேட்கும். நாங்கள் நெல் விதைக்கிற சனம். அந்த இரைச்சல் எனக்கு ஆரோ தூரத்தில் அழுவது போல இருக்கும்.

அவர் அந்தக் கடற்கரையிலிருந்து வாரத்துக்கு இரண்டு தரம் சைக்கிளில் கருவாடு கொண்டுவருவார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. காலில் செருப்புப் போட்டு நான் கண்டதில்லை. முதல் நாள் எங்கள் கொட்டிலுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, விலை சொல்வதற்கு முதல் கேட்டது இதுதான்:

"வீட்டில எத்தினை பேர்?"

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு துண்டுக் கருவாடு விக்கிறதுக்கு இவ்வளவு விசாரணையோ? நிவாரணக் கூப்பன் மட்டைக்கு ஆள் பதிய வந்தனீங்களோ?"

"ஆளுக்கொரு துண்டு வரத்தக்கதா வெட்டத்தான் தம்பி. ஒராளுக்கு இல்லாமப் போனால் பேந்து ராவில எனக்கு நித்திரை வராது."

அம்மா உள்ளேயிருந்து, "அஞ்சு" என்றா.

நான் நிலத்தைப் பார்த்தேன். நாங்கள் நாலு பேர். ஐந்தாவது ஆள் அப்பா. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு, பாதி வழியில் அப்பாவுக்கு மாடு கட்டையிலேயே நிற்பது ஞாபகம் வந்தது. "அவிட்டு விட்டிட்டு வாறன், நீங்கள் நடவுங்கோ" என்று சொல்லித் திரும்பினார். போகிற அந்தர அவசரத்தில் ஒரு செருப்பின் வார் கழன்றுவிட்டது. இரண்டையும் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அம்மா அந்த வாரை ஒரு ஊசி குத்திச் சரிப்படுத்தி, செருப்பைப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தா. பொட்டும் அழிக்கவில்லை. ஆர் கேட்டாலும், "பின்னுக்கு வாறார்" என்பா.

அவர் ஐந்து துண்டு வெட்டித் தந்தார். அன்று தொடங்கி எப்போது வந்தாலும் எங்களுக்கு ஐந்துதான். அம்மாவின் பொட்டைக் கண்டு, ஐயா எங்கேயோ அலுவலாகப் போயிருக்கிறார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கருவாடு விற்று முடிந்து திரும்பும்போது, கடல் பார்க்க விரும்பிய ஆட்களை அவர் கூட்டிக்கொண்டு போவார். பாலைப்பழக் காலத்தில் அந்தக் காட்டில் கரடி நிற்கும், பாதையும் நாலாகப் பிரியும். தெரியாதவர்கள் தனியே போக ஏலாது. தலைக்குப் பத்து ரூபாய். அதையும் போகும்போது வாங்க மாட்டார். கடலுக்குப் போய்த் திரும்பி, காடு முடிகிற இடத்தில் எல்லோரையும் நிறுத்தி எண்ணி, போன தொகையும் வந்த தொகையும் சரியென்றால்தான் கை நீட்டுவார்.

முதல் தரம் நாங்கள் போனபோது வரிசையில் பத்துப் பதினொரு பேர். காட்டு வாசலில் அவர் எண்ணத் தொடங்கினார். என் கணவர் சும்மா இருக்க மாட்டார். சூடடித்த நெல்லை அளக்கும்போது முதல் மரைக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது எங்கள் வழக்கம். அதே மாதிரி முன்னால் நின்ற ஆளின் தலையைத் தொட்டு, "லாபம், ரெண்டு, மூண்டு" என்று இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நெல்லு குறைஞ்சால் அடுத்த போகம் விதைக்கலாம் தம்பி. தள்ளி நில்லுங்கோ. ஒண்டு..."

காட்டுக்குள் மூன்று இடத்தில் எண்ணுவார். ஒரு வீரை மரத்தடி, பிறகு பெரிய பாலை, பிறகு பட்டுப்போன ஒரு முதிரை. எண்ணி முடியும்வரை ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். ஒருநாள் எங்களோடு வந்த சைக்கிள் கடைக்காரர் பகிடிக்கு ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முதிரையடியில் எண்ணும்போது ஒன்று குறைந்தது. அவர் எங்களை அப்படியே இருத்திவிட்டு வீரை மரம்வரை திரும்பி ஓடினார். அவர் ஓடிய பிறகு சைக்கிள் கடைக்காரர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். இவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அந்த மனிதரைக் கண்டு, நேரே அவர் முன்னால் போய் நின்றார். அடிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். கடைசியில், "உங்களை இனி நான் கூட்டிக்கொண்டு போறேல்லை" என்று மட்டும் சொன்னார். அப்படியே பிறகு ஒருநாளும் கூட்டிப் போகவில்லை. சைக்கிள் கடைக்காரர் இரட்டிப்புக் காசு தருவதாகச் சொல்லியும் அசையவில்லை.

இன்னொரு நாள் பிழை விட்டது நான். பெரிய பாலையின் கீழ் பழம் உதிர்ந்து மஞ்சளாகக் கிடந்தது. சீலைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டு நின்றதில் பின்தங்கிவிட்டேன். பழத்தின் பால் பட்டு உதடு ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தால் முன்னால் அவர் நிற்கிறார். பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் குந்தி இருந்தார்.

"கோவமில்லை தங்கச்சி. ஓடி வந்த களை. நிண்டிட்டுப் போவம்."

நான் கைநிறையப் பழம் கொடுத்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"ஒருக்கா எண்ணாம விட்டனான்" என்றார்.

எங்கே, எப்போது, ஆரை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் சேர்த்து யோசிக்க வேண்டி வருமே என்ற பயம். முன்பு சனத்தை வள்ளத்தில் கடல் கடத்தியவர் என்று கொட்டில்களில் கதைத்தார்கள். மனுசியும் பிள்ளைகளும் இருந்ததாக ஒரு கதை. கலியாணமே செய்யாத ஆள் என்று வேறு கதை. எது சரியோ தெரியாது.

காடு முடிந்தால் சட்டென்று வெளிச்சம். வெள்ளை மணல், ஒரு பக்கம் தாழைப் பற்றை, மற்றப் பக்கம் கடலேரியான களப்பின் வாயை மூடிக்கிடக்கும் மண்மேடு. ஒரு சனம் இருக்காது. மீனவர் தங்கும் ஓலை வாடிகள் முன்பு வரிசையாக இருந்த இடத்தில் இரண்டே இரண்டு மிஞ்சி நின்றன, ஒன்று அவருடையது. தொடுவானத்தில் நேவிக் கப்பல் புள்ளியாகத் தெரியும். அதையும் எண்ணுவார். "ஒண்டுதான் நிக்குது. குளிக்கலாம்."

குளிக்க இறங்குகிறவர்கள் ஈரம் படாத மணலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைக்க வேண்டும். செருப்பில்லாதவருக்கு ஒரு சிப்பி. கரை ஏறினவர் தன் சோடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். மணலில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. எல்லோரும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கலாம். கயிற்றின் மறு நுனியை அவர் தன் கட்டையில் கட்டியிருப்பார். உடைந்துபோன கட்டுமரத்திலிருந்து எடுத்த ஒற்றைக் கட்டை அது, ஒன்றரை ஆள் நீளம், இழைத்து இழைத்து மழமழவென்று இருக்கும். அதில் கவிழ்ந்து படுத்து, எங்களுக்கும் ஆழத்துக்கும் நடுவில் மிதந்துகொண்டு எங்களையே பார்த்தபடி இருப்பார்.

கடைசி ஆளும் கரை ஏறிச் செருப்பைப் போட்ட பிறகு ஒரு காரியம் செய்வார். கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தனியே வெளியே போவார். பெரிய அலை ஒன்று எழும்பி வருவதைப் பார்த்திருந்து, அதன் முதுகில் கட்டையை ஏற்றி, மெதுவாக எழும்பி நிற்பார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நின்ற நிலையில், நுரைக்கு மேலே கரைவரைக்கும் வருவார். மணலில் கட்டை தட்டும்போது ஒரு சிரிப்பு. அந்த மனிதர் சிரித்து நான் கண்டது அந்த இடத்தில் மட்டும்தான். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் விழுந்தால் ஆர் பார்ப்பது? அந்தக் கரையில் அவரைப் பார்க்கவென்று ஒருவரும் இல்லை.

இனி அந்த நாள்.

அது ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் கடலில் தோய்ந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, காத்தோட்டிக்காய் சமைத்து விரதம் முடிக்கிற நாள். தகப்பன் உயிரோடு இருப்பவர்கள் அதைச் செய்வதில்லை. அப்பா போய் இரண்டு வருடம் முடிந்திருந்தது. அண்ணா ஒரு மாதமாகவே அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தினை நாளைக்கு அம்மா? அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அந்தப் பாவம் ஆருக்கு?"

"அந்தாள் வந்து நிண்டால், எனக்கு ஏனடா எள்ளு இறைச்சனி எண்டு கேட்டால், நான் என்ன சொல்ல?"

அமாவாசைக்கு முதல் நாள் அம்மா திடீரென்று, "சரி, போவம்" என்றா. அந்தச் சரி எனக்கு நம்பிக்கையாக இல்லை. விடிய எழும்பியபோது பெட்டிக்கு மேலே செருப்பு இல்லை. அம்மாவின் பை கொஞ்சம் பொம்மியிருந்தது.

அவரிடம் அண்ணா கடல் குளிக்க வேணும் என்று மட்டும் சொல்லியிருந்தான். காட்டு வாசலில் அவர் எண்ணினார். நாலு.

"ஐயா வரேல்லையோ? அஞ்செல்லோ நீங்கள்?"

அம்மா வாய்க்குப் பழகிப்போனதைச் சொன்னா. "பின்னுக்கு வாறார்."

அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டான். வழியில் ஒரு பற்றையில் காத்தோட்டிக்காய் கிடந்தது. நாலைந்தை ஆய்ந்து அம்மாவிடம் நீட்டினான். அம்மா கை நீட்டவில்லை. காயை என் கணவர் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கரையில் அவர் கட்டையை எடுக்க வாடிக்குப் போன நேரம் நாங்கள் செருப்பைக் கழற்றினோம். நாலு சோடி. அம்மா பையைத் திறந்து, ஊசி குத்திய அந்தப் பெரிய சோடியைத் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தா. நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை திருத்தியும் வைத்தா. அண்ணா அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டான். என் கணவரும் அதைக் காணவில்லை. நான் கண்டேன். "அம்மா, அவர் எண்ணுவார்" என்று சொல்ல வாய் எடுத்தேன். அண்ணாவுக்குக் கேட்டால் கடற்கரையில் சண்டை வரும் என்று விழுங்கிக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலுக்குள் போனா. கயிறு வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு செருப்பு வரிசைக்கு முன்னால் நின்றார். உதடு அசைந்தது. பிறகு கடலைப் பார்த்தார். திரும்பவும் வரிசையைப் பார்த்தார்.

அடுத்த நிமிஷம் ஓடி வந்தார். எங்களைத் தாண்டிக் கட்டையை எறிந்து, அதன்மேல் பாய்ந்து வெளியே போனார்.

"ஐயா எந்தப் பக்கம் இறங்கினவர்? ஆரும் கண்டனீங்களோ?"

அண்ணா கத்தினான். "அண்ணை, நாங்கள் நாலு பேர்தான். நீங்கள்தானே எண்ணினனீங்கள்."

"அம்மா சொன்னவா பின்னுக்கு வாறார் எண்டு. செருப்புக் கிடக்குது. நான்தான் பிந்திட்டன்."

சொல்லிக்கொண்டே முங்கினார். எழும்பினார், மூச்சு எடுத்தார், இன்னும் கொஞ்சம் தள்ளி முங்கினார். அண்ணா, "அப்பா..." என்று தொடங்கி அம்மாவைப் பார்த்தான். என் கணவருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. அவரும் தண்ணீருக்குள் காலால் தடவித் தேடத் தொடங்கினார். எல்லாம் தெரிந்த நான் மரம் மாதிரி நின்றேன். ஆறாம் தரம் அவர் எழும்பியபோது மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

அம்மாதான் கரை ஏறினா. நேரே போய் அந்தச் சோடியை எடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தா.

"தம்பி, ஏறி வாங்கோ. கடலில ஆரும் இல்லை. இது வீட்டிலயிருந்து நான் கொண்டந்தது."

அவருக்குக் கேட்க நேரமெடுத்தது. கேட்டதும் கட்டையைப் பிடித்தபடி கொஞ்சம் மிதந்தார். பிறகு அலைகள் அவரைத் தாமாகவே கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தன. அன்றைக்கு அவர் எழும்பி நிற்கவில்லை.

மணலில் குந்தியிருந்து இருமினார். அம்மா பக்கத்தில் இருந்து சீலைத் தலைப்பால் அவர் மூக்கைத் துடைத்தா. துடைத்துக்கொண்டே மாட்டை அவிழ்க்கப் போன கதையைச் சொன்னா. ஆருக்கும் அவ்வளவு விபரமாக அம்மா சொன்னதை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. மாட்டின் நிறம், கழுத்து மணி, அப்பா உடுத்திருந்த சாரம், எல்லாம் சொன்னா.

அவர் கேட்டார்: "இந்தச் செருப்பை விட்டிட்டுப் போக வந்தனீங்களோ, திருப்பிக் கொண்டுபோக வந்தனீங்களோ?"

"தெரியேல்லைத் தம்பி."

"அவர் இல்லையெண்டு ஆராவது கண்டு சொன்னவையோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப எண்ணிக்கையில இருந்து எடுக்கேலாது அம்மா."

அண்ணா எள்ளுச் சுற்றிய சரையைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத்தோடு நின்றான். அம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பாவின் செருப்பைப் பைக்குள் வைத்தா. அவ்வளவுதான். எள்ளு இறைக்கவில்லை.

திரும்பும் வழியில் மூன்று மரத்தடியிலும் எண்ணினார். நாலு, நாலு, நாலு. காடு முடிந்த இடத்தில் அண்ணா நாற்பது ரூபாயை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"கரையில அஞ்சு சோடி எண்டு எண்ணினது. நாலுதான் வந்திருக்கு. அவரும் வரட்டும், ஐம்பதாத் தாங்கோ."

"எங்கட அப்பாவை வைச்சு விளையாடாதையுங்கோ அண்ணை."

"விளையாட்டில்லைத் தம்பி. முடியாத எண்ணிக்கைக்கு நான் காசு வாங்கிறேல்லை."

சொல்லிவிட்டுத் தன் பாட்டில் காட்டுக்குள் திரும்பிப் போனார். வீட்டுக்கு வந்து என் கணவர் சட்டைப் பையிலிருந்த காத்தோட்டிக்காயை வெளியே கொட்டினார். ஒருவரும் அதைத் தொடவில்லை, வெயிலில் கிடந்து வாடியது. "அந்தாள் எண்ணுறதுக்காக அப்பா உயிரோட இருக்கப் போறாரோ?" என்று அண்ணா சுவரில்லாத அந்தக் கொட்டிலுக்குள் கத்தினான். அம்மா மட்டும் அன்று இரண்டு வருடத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டா. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமும் வந்தது, பயமும் வந்தது. அவர் செய்தது நன்மையோ தீமையோ என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய மூக்கில் இரத்தம் வந்திராது என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகும் கருவாடு கொண்டு வந்தார். ஐந்து துண்டுதான்.

அடுத்த வருடம் நாங்கள் தர்மபுரத்துக்கு மாறிவிட்டோம். குத்தகைக்கு ஒரு துண்டு வயல் கிடைத்தது. இரண்டாயிரத்தொன்றில், ஆடி பிறக்க ஒரு கிழமை இருக்கும்போது, அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு ஒரு ஐம்பது ரூபாய்த் தாளைக் கையில் வைத்தா.

"எனக்கு இனி ஏலாது பிள்ளை. முதல் அந்த மனிசனிட்டைப் போய், இனி எண்ண வேண்டாமெண்டு சொல்லி இதைக் குடு. அதுக்குப் பிறகு கொண்ணன் எள்ளுத் தண்ணி இறைக்கட்டும்."

உழவு மெசினின் இழுவைப் பெட்டியிலும் சைக்கிளிலுமாக நானும் என் கணவரும் ஒரு பகல் முழுக்கப் போய்ச் சேர்ந்தோம். காட்டுப் பாதையை நான் மறக்கவில்லை. வீரை நின்றது, பாலை நின்றது, முதிரை விழுந்து கிடந்தது. அவருடைய வாடிக்குக் கூரை இல்லை. கட்டை மட்டும் மணலில் பாதி புதைந்து கிடந்தது. மற்ற வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிழவரைக் கேட்டோம்.

"அந்தாளோ? ஒருநாள் இருந்தது, பேந்து காணேல்லை."

"எப்ப போனவர் ஐயா? எங்கை எண்டு தெரியாதோ?"

"ஆர் கண்டது பிள்ளை. அந்தாளை ஆர் எண்ணினது?"

மணலில் ஒரு செருப்புக்கூடக் கிடக்கவில்லை. அவருக்குத்தான் செருப்பே இல்லையே. கடலையும் காட்டையும் பார்த்து, அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதேயில்லை.

தாளைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை அப்பாவின் செருப்புக்குக் கீழே வைத்தா. அந்த ஆடியிலும் அண்ணா எள்ளு இறைக்கவில்லை. இதை எழுதும்வரை இறைக்கவில்லை. அந்த மனிதருக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது, ஐந்து பேருக்கு, ஐம்பது ரூபாய்.